முதுகில்லாத மலை

மூன்று ராஜாக்கள் திருவிழா முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்துக் கட்டிவைப்பது ஒவ்வொரு வருடமும் ஷைனியின் வேலை. சொரூபங்களைப் பழைய சேலையில் சுற்றிப் பெட்டியில் வைப்பாள். மலைக்கு விரித்த சாக்குகளை உதறி, பச்சைச் சாயம் போட்ட மரத்தூளைப் பையில் அள்ளி, எல்லாவற்றையும் பரணில் ஏற்றுவாள். 2004 ஜனவரியில் சாக்கும் மரத்தூளும் பரணுக்குப் போகவில்லை. அவற்றை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு அவள் மாடிப்படி ஏறுவதை ரோசலின் பார்த்துவிட்டாள். ரோசலின், அண்ணன் ஆண்டனிராஜின் மனைவி.

"ஏம்மா, அதை எங்க கொண்டு போற?"

"மலை கட்டப் போறேன் மதினி."

"இப்பத்தான ஒரு மலையைப் பிரிச்ச?"

"அது குழந்தை யேசுவுக்கு. இது உங்க வீட்டுக்காரருக்கு."

ரோசலின் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த மலை எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

ஆண்டனிராஜ் கல்யாணத்துக்கு முன்பு புனேயில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் வேலை பார்த்தான். திரும்பி வரும்போது அங்கே பழகிய ஒரு விளையாட்டையும் ஊருக்குக் கொண்டுவந்தான். ஒரு பிளைவுட் பலகை. அதன் மேல் குன்று, காடு, ஆறு. இருபக்கமும் விரல்நுனி உயரத்துக்கு பிளாஸ்டிக் சிப்பாய்கள். ஒவ்வொரு சிப்பாயின் காலடியிலும், சாயாமல் நிற்பதற்காக, செல்லாமல் போன ஒரு பத்து பைசாவை ஒட்டியிருப்பார்கள். டேப் வைத்து அளந்து சிப்பாய்களை நகர்த்த வேண்டும். எதிரி கண்ணுக்குத் தெரிந்தால் சுடலாம். பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஒருவன் பாளையக்காரர் படை, மற்றவன் கம்பெனிப் படை. விதிகளெல்லாம் ஜெராக்ஸ் எடுத்த தாள்களில் இருந்தன.

"எருமை மாதிரி வளந்துட்டு பொம்மை வச்சு விளையாடுறாய்ங்க," என்பாள் ரோசலின். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையை அவளே காலி செய்து கொடுப்பாள்.

பேகம்பூரில் டிவியும் மிக்ஸியும் விற்கும் சாகுல் ஹமீது முதலில் வந்து சேர்ந்தான். பிறகு ரெட்டியார்சத்திரத்திலிருந்து ராபின். பள்ளியில் இயற்பியல் வாத்தியார். தன் படையை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வருவான். அதிகம் பேசமாட்டான். ஒருநாள் தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் வந்தவன், ஷைனி விளக்குமாற்றுக் குச்சியைச் சீவி, அதன் முனையால் ஒரு சிப்பாய்க்குக் கண் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டான். "இதுக்குப் புருவம் கூட இருக்கே," என்றான். "அவன் கோவமா இருக்கான். புருவம் இல்லாம எப்படிக் கோவப்படுவான்?" என்றாள் ஷைனி. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனுக்குத் தாகம் எடுத்தது.

ராபினின் அம்மா மரியசெல்வி ஒரு ஞாயிறு பூசை முடிந்து நேராக ஆண்டனிராஜிடமே வந்து பெண் கேட்டார். அப்பா அம்மா இல்லாத வீட்டில் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான். "பாப்போம்மா," என்று அவன் சொன்ன விதத்திலேயே சம்மதம் இருந்தது.

அக்டோபரில்தான் எல்லாம் கெட்டது. அன்று சாகுல் வரவில்லை. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ராபினின் கொடிக்காரன் ஆற்றங்கரையில் நின்றான். ஆற்றுக்குள் ஒரு சிப்பாயின் காசு பட்டுவிட்டால் அவன் பிடிபட்டதாகக் கணக்கு. கொடிக்காரன் பிடிபட்டால் ஆட்டமே முடிந்தது.

"காசு தண்ணிக்குள்ள இருக்கு," என்றான் ஆண்டனிராஜ் தன் நாற்காலியில் இருந்தபடியே.

"இல்லண்ணே, கரையிலதான் நிக்கிறான்."

"நகத்தி வச்சுட்ட. நான் பார்த்தேன்."

ராபின் அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தன் சிப்பாய்களை ஒவ்வொன்றாக எடுத்து டின்னில் போட்டு, மூடியை அழுத்தி மூடி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஷைனி வாசல்வரை ஓடிப்போனாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் வரவும் இல்லை.

"ஒரு நூல் எடத்துக்குப் பொய் சொல்றவன் நாளைக்கு எதுக்குச் சொல்லமாட்டான்? அவனுக்கு என் தங்கச்சியைக் கொடுக்க முடியாது," என்றான் ஆண்டனிராஜ். சின்ன வயதிலிருந்தே தோற்கப் பிடிக்காதவன் அவன். ஆனால் அன்று அவன் வேண்டுமென்றே சொன்னதாக ஷைனிக்குத் தோன்றவில்லை. அவன் நிஜமாகவே அப்படித்தான் பார்த்திருந்தான். அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. பொய் சொல்கிறவனிடம் சண்டை போடலாம். தன் கண்ணால் பார்த்தேன் என்கிறவனிடம் என்ன சொல்வது?

கிறிஸ்துமஸ் பூசையில் மரியசெல்வி, ரோசலின் கையைப் பிடித்துக்கொண்டு, "தவக்காலம் வர்றதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்கம்மா. பையனுக்கு வயசாகுதுல்ல, வேற எடம் பாக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே ஷைனி அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அவர்கூட இன்னொரு ஆட்டம் ஆடு."

"யாருகூட?"

"யாருன்னு உனக்குத் தெரியும். சாகுலண்ணனை நடுவுல உக்கார வையி. நீயே கண்ணு வச்சுப் பாரு. அவரு ஒரு தடவை ஏமாத்துனாக்கூட நானே வேண்டாம்னு சொல்லிர்றேன். ஏமாத்தலைன்னா நீ போய் அவங்க அம்மாகிட்டப் பேசணும்."

ஆண்டனிராஜ் தங்கையைப் பார்த்தான். "பலகை?"

"நான் கட்டுறேன். ரெண்டு பேருக்கும் பொதுவா."

மாடி அறையில் பிளைவுட்டைச் சுவரோரமாகப் போட்டு வேலையைத் தொடங்கினாள். சாகுல், டிவி பெட்டிகளில் வரும் தெர்மோகோலைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து போட்டான். அதை அடுக்கி, சூடாக்கிய கத்தியால் சீவி, மலைக்கு எலும்பு வைத்தாள். களிமண் கரைசலில் நனைத்த சாக்கை அதன்மேல் போர்த்தி, மடிப்பு மடிப்பாக விரலால் இழுத்து விட்டாள். காய்ந்தால் சாக்கு பாறையாகிவிடும். மாடியில் நின்றால் தெரியும் மலைக்கோட்டையைப் பார்த்துப் பார்த்துத் தன் பாறைக்கு நிறம் கொடுத்தாள். வெயில் விழும் இடத்தில் வெளிறிய மண்நிறம், மழைத்தண்ணீர் வடிந்த இடத்தில் கறுப்புக் கோடுகள். மரத்தூள் புல்லானது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு மரமானது. நடுவில் ஆறு வெட்டி, இருபுறமும் கரையைச் சற்று மேடாக்கினாள். இந்தப் பக்கத்துக்கு எத்தனை மரமோ அத்தனை மரம் அந்தப் பக்கத்துக்கும். ஆறு இரண்டு விளிம்புக்கும் சம தூரம். டேப்பால் அளந்து அளந்து சரிபார்த்தாள். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாத ஒரு நிலம். அதைக் கட்டிவிட்டால் மற்றது தானாக நடந்துவிடும் என்று நம்பினாள்.

சாகுல் போய்ப் பேசி, ராபினை வரச் சம்மதிக்க வைத்தான். சனிக்கிழமை மத்தியானம் ராபின் பிஸ்கட் டின்னோடு வாசலில் வந்து நின்றான். கொஞ்சம் இளைத்திருந்தான்.

"வா," என்றான் ஆண்டனிராஜ்.

"வாரேன்ணே."

அவ்வளவுதான் பேச்சு. ஷைனியைப் பார்த்து அவன் தலையை மட்டும் அசைத்தான். அவளுக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை மாதம் ஒரு சொல் இல்லை. இப்போது ஒரு தலையசைப்பு.

சாப்பாட்டு மேசையில் இறக்கி வைத்திருந்த பலகையைப் பார்த்ததும் ஆண்டனிராஜின் முகம் மலர்ந்துவிட்டது. "ஏலே சாகுல், இங்க பாருடா. நம்ம மலைக்கோட்டையை அப்படியே தூக்கிட்டு வந்துட்டா!" அவன் வழக்கமான இடத்தில், மின்விசிறிக்குக் கீழே, பாறையைப் பார்த்து உட்கார்ந்தான். ராபின் அலமாரிக்கும் மேசைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் நுழைந்து சுவர்ப்பக்கம் உட்கார்ந்தான். சாகுல் ஒரு ஓரத்தில். ஷைனியும் ரோசலினும் அடுப்படி வாசலில், ஆண்டனிராஜின் முதுகுக்குப் பின்னால்.

ஆரம்பத்திலிருந்தே ராபினுக்கு எதுவும் சரியாக அமையவில்லை. பாறையில் ஏற்றிய அவன் சிப்பாய்கள் நிற்காமல் சரிந்தார்கள். எடுத்து எடுத்துக் கீழேயே வைத்தான். ஆண்டனிராஜின் ஆட்கள் மடிப்புகளில் ஒதுங்கி நின்று வசதியாகச் சுட்டார்கள்.

"என்ன வாத்தியாரே, உங்க பசங்க இன்னைக்கு லீவா?"

ராபின் சிரித்துக்கொண்டான்.

"சார் டூர் கூட்டிட்டு வந்துருக்காரு. மலை ஏறத்தான் தெரியல."

"ஆட்டத்தைப் பாருடா, வாயைக் குறைச்சுக்க," என்றான் சாகுல்.

ஒருமுறை ராபின் உருட்டிய பகடை ஆறு காட்டி நின்றது. ஷைனி மூச்சை இழுத்துக்கொண்டாள். அந்த ஆறு அவனுக்கு மிகவும் தேவைப்பட்டது. ராபின் குனிந்து பார்த்தான். "பகடை சாஞ்சு நிக்குது. கல்லுல முட்டுக் கொடுத்திருக்கு. திரும்ப உருட்டுறேன்."

"எனக்கு நேராத்தான்டா தெரியுது," என்றான் சாகுல்.

"இல்ல, சாஞ்சிருக்கு." மறுபடி உருட்டினான். ஒன்று விழுந்தது.

ஆண்டனிராஜ் அதற்குப் பிறகு கேலி பேசவில்லை.

ஆட்டம் முடியும் நிலைக்கு வந்தது. ஆண்டனிராஜ் தன் முரசுக்காரனை முகட்டில் ஏற்றி, அந்தப்பக்கம் இறக்கினான். கையை எடுத்ததும் முரசுக்காரன் காணாமல் போனான். மலைக்குள்ளிருந்து காசு உருளும் சத்தம் கேட்டது.

"யப்பா, பூமி பொளந்து முழுங்கிருச்சு!" என்று ரோசலின் சிரித்தாள்.

ஆண்டனிராஜ் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு, இடுக்கில் நுழைந்து, ராபினின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஷைனி. இங்க வா."

அவள் போனாள். அங்கிருந்து பார்த்தால் மலைக்கோட்டை இல்லை. சாக்கின் பிசிறு, அதைப் பிடித்து நிறுத்திய குண்டூசிகள், வெள்ளை வெளேரென்று தெர்மோகோல், நடுவில் ஒரு பொந்து. ஒரு பக்கத்தில் டிவி கம்பெனியின் பெயர்கூடத் தெரிந்தது. ராபினின் சிப்பாய்கள் கால்வைக்க அங்கே ஒரு விரல் அகல இடம் இல்லை.

எத்தனை வருடம் குடில் கட்டிய கை இது. குடில் எப்போதும் சுவரோரம்தான் இருக்கும். ஜனங்கள் முன்னால் வந்து முழந்தாளிட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். மலைக்குப் பின்னால் யாரும் போனதில்லை. அங்கே எதுவும் இருக்க வேண்டியதும் இல்லை. மரத்தை எண்ணினாள், ஆற்றை அளந்தாள். ஆனால் பலகையைச் சுவரோரம் போட்டு, ஒரு பக்கமே நின்று, ஒரு பக்கத்துக்கே கட்டியிருக்கிறாள்.

"குடிலுக்குப் பின்னாடி செவருதானண்ணே இருக்கும்," என்றாள். அழுகை வந்துவிடும் போலிருந்தது. "எனக்குத் தோணவே இல்ல."

ஆண்டனிராஜ் ராபினைப் பார்த்தான். "ஏம்ப்பா, இம்புட்டு நேரமும் இதுலயா ஆடிட்டு இருந்த? நான் கிண்டல் பண்றேன், சிரிக்கிற. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, தோக்குறதுக்குச் சாக்கு சொல்றேன்னு நினைப்பீங்க."

ஆண்டனிராஜுக்கு முகம் சுருங்கிவிட்டது. அது பொய் என்று அவனால் சொல்ல முடியவில்லை. சாகுல் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே தரையைப் பார்த்தான்.

பேசியது ஷைனிதான். அண்ணனிடம் அல்ல.

"இது பெரிய நல்ல குணம்னு நீங்க நினைக்கிறது தெரியுது. எனக்கு அப்படித் தெரியல. எடம் சரியில்லைன்னா சரியில்லைன்னு சொல்லணும். சொன்னாத்தான எதுத்தாப்ல இருக்கவங்களும் நியாயமா நடந்துக்க முடியும்? நீங்க பாட்டுக்கு வாயை மூடிக்கிட்டுத் தோத்துட்டுப் போயிருந்தா, நான் கட்டுன மலையாலதான் தோத்தீங்கன்னு எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அன்னைக்கும் அப்படித்தான். டின்னை மூடிட்டுப் போனீங்க. வாசல் வரைக்கும் வந்தேன். ஒரு வார்த்தை... ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

வீட்டில் யாரும் அவள் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. ரோசலின் கரண்டியோடு வெளியே வந்து நின்றாள்.

ராபின் தன் டின்னின் மூடியைப் பார்த்தான். "திரும்பிப் பார்த்தா கோவத்துல ஏதாவது சொல்லிருவேன்னு பயந்தேன்," என்றான். "அப்புறம் நாளாயிருச்சு. நாளாக நாளாக வர்றதுக்கு வெக்கமா இருந்துச்சு." பிறகு நிமிர்ந்து, "தப்புதான் ஷைனி. உங்ககிட்டயாவது சொல்லியிருக்கணும்," என்றான்.

"இப்ப சொல்லுங்க. இந்த மலையில என்ன குறை?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "எல்லாமே குறைதான்."

சாகுல் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"மதினி, களிமண் இன்னும் வாளியில இருக்கா?" என்று கேட்டாள் ஷைனி.

உடனே நான்கு பேரும் சேர்ந்து மலைக்கு முதுகு கட்டினார்கள். ஆண்டனிராஜ் சாக்கை நறுக்கினான். சாகுல் நனைத்துப் பிழிந்தான். அந்தப் பக்கம் மலைக்கோட்டை எப்படி இருக்கும் என்று ஷைனிக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ஊருக்குள்ளிருந்தே பார்த்தவள். ராபின்தான் சொன்னான். "பஸ்ல வரும்போது எப்பவும் அதைத்தான் பாக்குறேன். முகட்டுக்குக் கீழ ஒரு மடிப்பு வரும். செத்த கீழ தள்ளிப் புடிங்க. ஆங், அப்படித்தான்." அவன் விரல் காட்டிய இடத்தில் அவள் சாக்கை மடித்துப் பிடித்தாள். களிமண் இரண்டு பேர் கையிலும் இருந்தது. ரோசலின் மேசைக்கு மேலே இருந்த மின்விசிறியை முழுவேகத்தில் வைத்து, "ஞாயித்துக்கிழமை வெஞ்சனத்துக்கு நான் எங்க காய் நறுக்குறது?" என்று கேட்டுவிட்டு, தானும் ஒரு பிடி மரத்தூளை அள்ளித் தூவினாள்.

காய்ந்தும் காயாமலும் இருந்த மலையைச் சுற்றி மறுபடி படைகள் நின்றன. ஆண்டனிராஜ் மின்விசிறிப் பக்கம் போகவில்லை. இடுக்கில் புகுந்து சுவர்ப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நீ அங்க போய் உக்காரு," என்றான் ராபினிடம். "முதல்ல இருந்து ஆடுவோம்."

"ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுட்டீங்களேண்ணே."

"அது ஆட்டமாடா? பேசாம அளந்து வையி."

ஆட்டம் இப்போது கெட்டியாக நடந்தது. இரண்டு பக்கமும் சரிசமமாக ஆள் விழுந்தார்கள். நடுவில் ராபினின் ஒரு துப்பாக்கிக்காரன் எதிர்க்கரையில் வந்து நின்றான். ஆண்டனிராஜ் தன் நாற்காலியிலிருந்து பார்த்து, "தண்ணிக்குள்ள..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். எழுந்து, சுற்றிப் போய், ராபினின் பக்கம் குனிந்து பார்த்தான். துப்பாக்கிக்காரனின் காசுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கோடு கரை இருந்தது. திரும்பித் தன் இடத்துக்கு வந்து பார்த்தான். கரையின் மேடு அந்தக் கோட்டை மறைத்தது. சிப்பாய் தண்ணீரில் நிற்பதாகவே தெரிந்தது. இன்னொரு முறை போனான். இன்னொரு முறை வந்தான்.

"என்னங்க, கோயில் சுத்துற மாதிரி சுத்துறீங்க?" என்றாள் ரோசலின்.

"இங்க இருந்து பார்த்தா கரை தெரியல," என்றான் அவன் மெதுவாக. "அங்க இருந்து தெரியுது."

"அன்னைக்கும் அப்படித்தான இருந்திருக்கும்?" என்றாள் ஷைனி.

அவன் உட்கார்ந்து, டேப்பைச் சுருட்டி, விரித்து, மறுபடி சுருட்டினான்.

கடைசிச் சுற்றில் ஆண்டனிராஜின் கொடிக்காரன் மலையின் புதிய முதுகைச் சுற்றி, ஆறு வளையும் இடத்துக்கு வந்து சேர்ந்தான். அங்கிருந்து ஒரே நகர்வு. எதிர்க்கரையில் கொடி நட்டால் வெற்றி. அளந்து வைத்துவிட்டுக் கையை எடுத்தான். அந்த இடம் மலையின் மறைவில் இருந்தது. ராபினுக்குத் தெரியாது. ஓரத்தில் இருந்த சாகுலுக்கும் பாறை மறைத்தது. அடுப்படி வாசலிலிருந்து எதுவுமே தெரியாது.

"வச்சாச்சா?" என்றான் ராபின்.

ஆண்டனிராஜ் கன்னம் பலகையில் படுமளவு குனிந்து, ஒரு கண்ணை மூடி, கொடிக்காரனின் காலடியையே பார்த்தான். ஷைனிக்கு அண்ணனின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. அவன் பெருமூச்சு விட்டதில் மரத்தூள் கொஞ்சம் பறந்தது.

"என் ஆளு தண்ணியில நிக்கிறான்," என்றான்.

"இருங்கண்ணே, பார்த்துச் சொல்லுங்க," என்று ராபின் எழுந்தான்.

"பார்த்துத்தான் சொல்றேன். காசு பாதி தண்ணிக்குள்ள இருக்கு. நீ வர வேணாம், உக்காரு." கொடிக்காரனைத் தன் கையாலேயே எடுத்து ராபினின் பக்கம் வைத்தான். "ஆட்டம் முடிஞ்சிருச்சு. சாகுல், எழுதிக்க. நான் தோத்துட்டேன்."

ஆண்டனிராஜ் தோற்றுவிட்டேன் என்று சொல்லி ஷைனி கேட்டதே இல்லை. கேரம் போர்டில்கூட இல்லை. அவன் முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை, தோற்றவன் முகம்தான். ஆனாலும் ராபினை நேராகப் பார்த்துப் பேசினான்.

"அன்னைக்கு நீ நகத்தி வைக்கல."

"இல்லண்ணே."

"நான் பார்த்தேன்னு சொன்னது... எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு."

"இப்ப எனக்கும் அது தெரியுதுண்ணே. அன்னைக்கு நானே என் பக்கத்துக்கு வந்து பாருங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்."

ஆண்டனிராஜ் கையிலிருந்த களிமண்ணைச் சுரண்டிக்கொண்டே, "நாளைக்குப் பூசை முடிஞ்சு உங்க அம்மா வீட்லதான இருப்பாங்க?" என்று கேட்டான்.

"இருப்பாங்க. எதுக்குண்ணே?"

"ம்? டைஸ் உருட்டுறதுக்கு," என்றாள் ரோசலின். "வாத்தியாருக்கு எல்லாத்தையும் போர்டுல எழுதிப் போடணும் போல."

ராபினுக்குக் காது வரை சிவந்தது. ஷைனி சட்டென்று திரும்பி அடுப்படிக்குள் போய், காலியான தண்ணீர்ச் சொம்பை எடுத்து, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் அவன் குரல் கேட்டது.

"தண்ணி கிடைக்குமா?"

"கிடைக்கும்," என்றாள். சொம்பை நிரப்பிக் கொடுக்கும்போது இரண்டு பேர் விரலிலும் களிமண் காய்ந்து வெடித்திருந்தது.

இருட்டுவதற்குள் பலகையை மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஆண்டனிராஜ் ஒரு பக்கமும் ராபின் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். படி ஏறும்போது பலகை சாய, மலைக்குள் கலகலவென்று ஏதோ உருண்டது.

"ஐயோ, என் முரசுக்காரன்!" என்றான் ஆண்டனிராஜ். "உள்ளயே வச்சு மூடிட்டோம்டா."

"பிரிச்சு எடுத்துரவாண்ணே?" என்றாள் கீழே நின்ற ஷைனி.

"வேணாம், வேணாம். கஷ்டப்பட்டுக் கட்டுன முதுகு," என்றான் அவன். "நீ அந்தப் பக்கம் பார்த்துத் தூக்குப்பா ராபின். இந்தப் பக்கத்துல இருந்து எனக்குப் படி தெரியல."

"ஒரு படி இருக்குண்ணே. மெதுவா வாங்க."